நான்கு ஆட்ட இடைவெளி: அட்லாண்டா பிரேவ்ஸ் பயணக் குறிப்புகள்

ஜூலை 15, வியாழன். சார்லட் – லாரன்ஸ்வில்

அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி 2021ஆம் ஆண்டுப் பருவத்தின் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு (சிறந்த வீரர்கள் மோதும் காட்சி ஆட்டத்துக்காகப் பருவத்தின் நடுவே விடும் விடுமுறை) 44 வெற்றிகளுடனும் 45 தோல்விகளுடனும் வந்து சேர்ந்திருக்கிறது. 162 ஆட்டங்களில் 89 முடிந்துவிட்டன. முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றுத் தொடங்கிய இந்த அணி, தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்திருக்கும் நிலையை இன்றுவரை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. சென்ற ஆண்டு, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குள் நுழைய ஒரே ஒரு வெற்றிதான் தேவை என்ற இடத்தில் நின்றவர்கள் இவர்கள்; லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலை பெற்று, பிறகு அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை இழந்து வெளியேறினார்கள். அந்த அணியில் இப்போது யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பயணம் முழுவதும் என் மனத்தில் ஓடப்போகும் கணக்கு. வார இறுதியில் டாம்பா பே ரேய்ஸ் அணி அட்லாண்டாவுக்கு வருகிறது. சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்று காலை சார்லட்டிலிருந்து காரில் புறப்பட்டேன்.

சார்லட்டில் முதல்தர பேஸ்பால் அணி கிடையாது. கரோலினா மாநிலங்களில் பிரேவ்ஸ் ரசிகர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு அது ஒரு காரணம் என்றால், அட்லாண்டாவிலிருந்து நாடு முழுவதும் ஒளிபரப்பான டிபிஎஸ் தொலைக்காட்சி பல ஆண்டுகள் மாலைதோறும் இந்த அணியின் ஆட்டங்களை வீடுகளுக்குள் கொண்டுவந்தது இன்னொரு காரணம். 85ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காக 240 மைல் சென்றால் அட்லாண்டா. கஃப்னி ஊரருகே சாலையோரம் நிற்கும் பீச் பழ வடிவத் தண்ணீர்த் தொட்டியையும், மாநில எல்லையில் விரிந்து கிடக்கும் ஹார்ட்வெல் ஏரியையும் தவிர இந்தச் சாலையில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. லாரிகளுக்கு நடுவே பேஸ்பால் பேச்சைக் கேட்டுக்கொண்டு போவதற்கு ஏற்ற சாலை.

பேச்செல்லாம் ரொனால்ட் அக்கூனியாவின் வலது முழங்காலைப் பற்றித்தான். சென்ற சனிக்கிழமை, ஜூலை 10 அன்று, மயாமியில் நடந்த ஆட்டத்தில் ஜாஸ் சிஸம் அடித்த பந்தைப் பிடிக்க வலது வெளிக்களத்துச் சுவரை ஒட்டி எகிறிக் குதித்த அக்கூனியா, ஒற்றைக் காலில் தவறாக இறங்கினார். எழுந்து நடக்க முயன்று, இரண்டடி வைத்து, மீண்டும் கீழே அமர்ந்துவிட்டார். முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் அறுந்துவிட்டது என்று மறுநாள் உறுதியாயிற்று. 23 வயதில், 82 ஆட்டங்களில் 24 ஹோம் ரன்களும் (பந்தை வெளிக்களச் சுவருக்கு அப்பால் அடிப்பது) 17 பேஸ் திருட்டுகளும் (பந்து எறியப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) கணக்கில் இருக்க, ரசிகர்களின் வாக்கினால் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க வரிசைக்குத் தேர்வாகியிருந்தவருடைய பருவம் அந்தச் சுவரடியில் முடிந்தது. அந்த ஆல்-ஸ்டார் ஆட்டமே அட்லாண்டாவில் நடந்திருக்க வேண்டியது. ஜார்ஜியாவின் புதிய வாக்களிப்புச் சட்டத்தை எதிர்த்து ஏப்ரலில் அதை டென்வருக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்கூனியாவின் காயம் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். பட்டியல் அதற்கு வெகு முன்பே நீளத் தொடங்கிவிட்டது. மே 1 அன்று, ஓட்டம் எடுக்க முகப்புத் தட்டை நோக்கி ஓடிவந்தவரைத் தொட்டு வீழ்த்தும் முயற்சியில், மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் டிராவிஸ் டார்னோவின் கட்டைவிரல் தசைநார் கிழிந்தது. மே 16 அன்று, அதுவரை அணியின் மிகச் சிறந்த பிட்சர்களுள் ஒருவராக இருந்த இளைஞர் ஹுவாஸ்கார் இனோவா, மில்வாக்கியில் மோசமாகப் பந்தெறிந்த கோபத்தில் வீரர்கள் அமரும் பலகையைக் குத்திப் பந்தெறியும் கையையே உடைத்துக்கொண்டார். அதே மாதக் கடைசியில், சென்ற ஆண்டு லீகிலேயே அதிக ஹோம் ரன்கள் அடித்த மார்செல் ஒசூனா பாஸ்டனில் மூன்றாவது பேஸுக்குச் சறுக்கிப் பாய்ந்தபோது இரண்டு விரல்களை முறித்துக்கொண்டார். அந்தக் காயம் ஆறுவதற்குள் குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டில் கைதாகியும்விட்டார். மைக் சொரோகாவின் கதைதான் நெஞ்சைப் பிசைகிறது. சென்ற ஆகஸ்டில் அறுந்த குதிகால் தசைநாரைச் சீர்செய்துகொண்டு ஓராண்டாகக் காத்திருந்த அந்தப் பிட்சருக்கு, சென்ற மாதம் மைதானத்தின் உடைமாற்றும் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது அதே தசைநார் மறுபடியும் அறுந்தது. பந்தும் இல்லை, ஓட்டமும் இல்லை, வெறும் நடை. இந்த இடைவேளையில் இளம் பிட்சர் இயன் ஆண்டர்சனும் தோள் அழற்சியால் காயப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்.

ஏப்ரல் 1 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த முதல் ஆட்டத்தில் இடப்புறம் ஒசூனா, நடுவில் கிறிஸ்டியன் பாச்சே, வலப்புறம் அக்கூனியா என்று நின்ற வெளிக்களத்தில் இன்று ஒருவர்கூட இல்லை. பாச்சே தொடையில் வந்த தொல்லைகளோடு மட்டையும் கைகொடுக்காததால் மே மாதத்தில் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

அந்தக் கீழ்நிலை அணியின் மைதானம் வழியிலேயே இருக்கிறது. அட்லாண்டாவுக்கு முப்பது மைல் முன்னால், லாரன்ஸ்வில் ஊரில், குவினெட் ஸ்டிரைப்பர்ஸ் அணியின் கூல்ரே ஃபீல்டு. பக்கத்து லானியர் ஏரியில் கிடைக்கும் கோடு போட்ட மீனின் பெயரைச் சூட்டிக்கொண்ட அணி. நண்பகல் நேரம் என்பதால் வாயில்கள் மூடியிருந்தன. வேலிக்கு வெளியே நின்று பச்சைப் புல்லைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரும்பாலான பெரிய அணிகளுக்கு இந்த மேல்மட்டப் பயிற்சி அணி வேறு நகரத்திலோ வேறு மாநிலத்திலோ இருக்கும். பிரேவ்ஸ் அணிக்கோ நாற்றங்கால் வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: காலையில் இங்கே பயிற்சி செய்தவர் மாலையில் பெரிய மைதானத்தில் இறங்கலாம். இவ்வாண்டு அந்த வசதியை அணி வகைதொகையில்லாமல் பயன்படுத்தியிருக்கிறது. கேட்சர் இடத்தில் டார்னோ போன பிறகு எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணுவதே கடினம். வாழ்நாளெல்லாம் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) ஆடிய ஒர்லாண்டோ ஆர்சியாவை இங்கே இடது வெளிக்களத்தில் நிற்கப் பழக்கி மேலே அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்று தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெரியப்பா மகன் அண்ணன் வீட்டில் தங்குகிறேன். வீடு இங்கிருந்து இருபது நிமிடம். சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது: சிகாகோ கப்ஸ் அணியிடமிருந்து வெளிக்கள வீரர் ஜாக் பீட்டர்சனை பிரேவ்ஸ் வாங்கிவிட்டது. கொடுத்தது பிரைஸ் பால் என்ற இளம் முதல்-பேஸ் வீரரை. பீட்டர்சன் சென்ற ஆண்டு நம்மை வெளியேற்றிய டாட்ஜர்ஸ் அணியில் இருந்தவர். இவ்வாண்டு கப்ஸுக்காக 11 ஹோம் ரன்கள், மட்டையடிச் சராசரி .230. அக்கூனியாவுக்கு ஈடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பொது மேலாளர் அலெக்ஸ் அந்தோபுலோஸ் கடை கட்டவில்லை என்பதற்கு இது முதல் அடையாளம். “ஒரு கால் போச்சுன்னா கட்டைக் காலாவது வேணும்ல தம்பி” என்றார் அண்ணன். அண்ணி சாப்பிடும்போது அப்படிப் பேசக்கூடாது என்று அதட்டினார்.

ஜூலை 16, வெள்ளி. அட்லாண்டா நகரம்

காலையில் அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை நகரத்தின் தென்பகுதிக்கு அழைத்துச் சென்றார். பழைய ஃபுல்டன் கவுண்டி மைதானம் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். 1997இல் மைதானத்தை இடித்தபோதும், 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரோன் அடித்த 715ஆவது ஹோம் ரன் தாண்டிச் சென்ற சுவரின் ஒரு பகுதியை மட்டும் நினைவாக விட்டுவைத்தார்கள். டாட்ஜர்ஸ் பிட்சர் ஆல் டவுனிங் எறிந்த பந்து அது. பேப் ரூத்தின் 714 என்ற எண்ணிக்கையை ஒரு கறுப்பின வீரர் கடக்கக் கூடாது என்று மிரட்டல் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்த காலத்தில் அடிக்கப்பட்டது. இவ்வாண்டு ஜனவரி 22 அன்று ஆரோன் தமது 86ஆம் வயதில் காலமானார். பிரேவ்ஸ் அணியின் முதல் பாதி வெற்றிகள் 44. ஆரோனின் சட்டை எண்ணும் 44. இப்படிப்பட்ட பொருத்தங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, அண்ணனுக்கு உண்டு.

திரும்பும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது பருவ முடிவில் அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கான கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நேஷனல், அமெரிக்கன் என்ற இரு லீகுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து அணிகள்தாம் அக்டோபருக்குள் நுழையும்: மூன்று பிரிவுகளின் முதலிடத்தார் மூவர், முதலிடம் பெறாதவர்களில் சிறந்தவர்களுக்கான வைல்டு கார்டு வழியாக இருவர். அந்த இருவருக்கும் ஒரே ஓர் ஆட்டம்தான். தோற்றவர் அன்றே வீடு திரும்ப வேண்டும். நேஷனல் லீகின் மேற்குப் பிரிவில் சான்ஃப்ரான்சிஸ்கோ 57-32 (வெற்றி-தோல்வி), டாட்ஜர்ஸ் 56-35, சான்டியகோ 53-40 என்று மூன்று அணிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு வைல்டு கார்டுகளும் அந்தப் பக்கமே போய்விடும் என்று கொள்வதுதான் அறிவுடைமை. மூன்றாமிடத்து சான்டியகோவே பிரேவ்ஸைவிட ஏழு ஆட்டம் (வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கும் கணக்கு) முன்னால் இருக்கிறது.

ஆகவே அட்லாண்டாவுக்கு இருப்பது ஒரே வாசல்: கிழக்குப் பிரிவில் முதலிடம். அங்கே நியூயார்க் மெட்ஸ் 47-40 என்று முன்னிலையில் இருக்கிறது, ஃபிலடெல்ஃபியா 44-44. மெட்ஸுக்கும் பிரேவ்ஸுக்கும் இடைவெளி நான்கு ஆட்டங்கள். மேற்கில் இந்த மெட்ஸ் இருந்திருந்தால் நான்காமிடத்தில் நின்றிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தன் திறமையால் அல்ல, முன்னால் ஓடுபவரின் தயவால் உயிரோடு இருக்கும் அணி என்று பிரேவ்ஸைச் சொல்வது கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் பாதி உண்மை. மறுபாதி உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எடுத்த ஓட்டங்களையும் கொடுத்த ஓட்டங்களையும் கூட்டிக் கழித்தால் பிரேவ்ஸ் தோற்கும் அணியாகத் தெரியவில்லை. ஜூன் 30 அன்று இதே மெட்ஸை 20-2 என்று துவைத்தெடுத்த அணி இது. நெருக்கமான ஆட்டங்களைக் கைநழுவ விடுவதும், பிந்தைய இன்னிங்ஸ்களில் மாற்று பிட்சர்கள் சொதப்புவதும் சேர்ந்துதான் எண்ணிக்கையை 45 தோல்விகளுக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

அண்ணன் 1990களின் தொடக்கத்தில் இங்கே வந்தவர். மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் போன்ற பிட்சர்களை வைத்துக்கொண்டு, வேலைநிறுத்தத்தால் முடங்கிய 1994 நீங்கலாக, 1991 முதல் 2005 வரை ஆண்டுதோறும் பிரிவின் முதலிடத்தைப் பிடித்த அணியைப் பார்த்துப் பழகியவர். அந்தப் பதினான்கு முதலிடங்களுக்கும் சேர்த்துக் கிடைத்த உலகத் தொடர்க் கோப்பை 1995இல் வாங்கிய ஒன்றே ஒன்று. “ஆள் எல்லாரும் நல்லா இருந்தப்பவே ஜெயிக்கல. ஆள் இல்லாதப்ப என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?” என்கிறார். கேட்பதற்கு விரக்தி போலிருந்தாலும், இது அவருடைய நம்பிக்கை வாதம். முழு பலத்தோடு அக்டோபருக்குப் போவதாலேயே ஒன்றும் நடந்துவிடாது என்பதை அவர் பதின்மூன்று முறை பார்த்திருக்கிறார்.

இரவு ஆட்டத்தை வீட்டிலேயே பார்த்தோம். அண்ணி இட்லியும் கொத்தமல்லித் துவையலும் வைத்துக்கொண்டே இருந்தார், ரேய்ஸ் ஓட்டம் எடுத்துக்கொண்டே இருந்தது. பிரேவ்ஸ் தோற்றது, 44-46. இன்றே அரிசோனாவிடமிருந்து ஸ்டீஃபன் வோட் என்ற மூத்த கேட்சரையும் வாங்கியிருக்கிறார்கள். டார்னோ திரும்பும்வரை ஓட்டை அடைக்க ஆள்.

படுக்கப் போகும்போது பிட்ஸ்பர்கிலிருந்து வந்த செய்தி இன்றைய தோல்வியைவிட முக்கியமானதாகப் பட்டது. மெட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் விலாத் தசையில் வலி ஏற்பட்டு ஆட்டத்தின் நடுவில் வெளியேறினார். அந்த ஆட்டத்தில் மெட்ஸும் தோற்றது. இடைவெளி அதே நான்கு.

ஜூலை 17, சனி. ட்ரூயிஸ்ட் பார்க்

இந்த மைதானத்துக்கு ரயிலில் போக முடியாது. நகரின் மையத்துக்கு அருகே ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட டர்னர் ஃபீல்டை இருபதே பருவங்கள் பயன்படுத்திவிட்டு, 2017இல் அணி வடமேற்குப் புறநகரான காப் கவுண்டிக்கு, 75ஆம் 285ஆம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் முனைக்குக் குடிபெயர்ந்தது. நகரின் மார்ட்டா ரயில் அந்தக் கவுண்டிக்குள் நுழைவதில்லை. ஆட்டத்தைவிட வாகன நிறுத்தத்துக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலைக்கு மறுபுறம் காரை விட்டுவிட்டு, எட்டு தடங்களுக்கும் மேலான போக்குவரத்து கீழே உறுமிக்கொண்டிருக்க, நடைமேம்பாலத்தின் வழியாகக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். ஜூலை மாதத்து ஜார்ஜியா வெயிலும் புழுக்கமும் சென்னைக்காரனுக்குப் புதிதல்ல, ஆனாலும் மைதான வாயிலை அடைவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது.

முன்னால் நடந்த முதுகுகளில் பாதிக்குமேல் 13 என்ற எண். அக்கூனியாவின் சட்டை. இனி இவ்வாண்டு ஆடமாட்டார் என்று தெரிந்த பிறகும் அதை அணிந்து வந்திருக்கிறார்கள். மே 7 முதல் முழு இருக்கைகளையும் திறந்துவிட்ட மைதானம் இது. சென்ற ஆண்டு ஆளற்ற இருக்கைகளுக்கு முன்னால் அறுபதே ஆட்டங்கள் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்தக் கூட்டமே ஒரு விருந்து. முகக்கவசம் அணிந்தவர்கள் அரிது. நானும் அண்ணனும் அணிந்திருந்தோம்.

உள்ளே நினைவுத் தோட்டத்தில் ஆரோனின் சிலையும், அதன் பின்னால் அவருடைய 755 ஹோம் ரன்களைக் குறிக்கும் 755 மட்டைகளின் அமைப்பும் இருக்கின்றன. வெளிக்களப் புல்லில் பெரிதாக 44 என்று வடித்திருக்கிறார்கள். அந்த எண்ணைச் சுற்றித்தான் இன்று அணியின் பலவீனம் நின்றுகொண்டிருந்தது: பருவத் தொடக்கத்தில் மாற்று வீரர்களாக எண்ணப்பட்டவர்களும், நேற்று முன்தினம்வரை வேறு அணியில் இருந்தவரும் சேர்ந்த வெளிக்களம். கியூபாவைச் சேர்ந்த கிலேர்மோ எரேடியா மட்டும் வீரர்களிடையே விளையாட்டு வாள்களைச் சுழற்றி உற்சாகப்படுத்துபவராகப் பெயர் வாங்கியிருக்கிறார். உற்சாகம் தேவைதான், ஆனால் வெளிக்கள வீரர்களிடம் அணிகள் முதலில் எதிர்பார்ப்பது ஹோம் ரன்களை.

உட்களத்தைப் பார்க்கும்போது வேறு அணியைப் பார்ப்பது போலிருக்கிறது. முதல் பேஸில் சென்ற ஆண்டு நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் ஃபிரெடி ஃப்ரீமன், இரண்டாவதில் ஆசி ஆல்பீஸ், ஷார்ட்ஸ்டாப்பாக டான்ஸ்பி ஸ்வான்சன், மூன்றாவதில் ஆஸ்டின் ரைலி. இந்த நால்வரும் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் ஆடிவிட்டார்கள். சக வீரர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்துகொண்டிருக்கும்போது, இவர்கள் மட்டும் தினமும் மாலையில் அதே நான்கு இடங்களில் வந்து நிற்கிறார்கள். பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப்பை நடுப்பருவத்தில் வாங்குவது மிகுந்த விலை கேட்கும்; நல்ல கேட்சர் கிடைப்பதே அரிது; முன்னணி பிட்சருக்கு நாளைய நம்பிக்கைகள் அனைத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் வெளிக்களத்தின் இரு ஓரங்களில் நின்று பந்தைத் தூர அடிப்பவர்கள் ஜூலைச் சந்தையில் ஒப்பீட்டளவில் மலிவு, அதுவும் நம்பிக்கையிழந்த அணிகளில் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் இன்னும் மலிவு. பிரேவ்ஸுக்கு விழுந்த ஓட்டை, காசு கொடுத்து அடைக்கக்கூடிய இடத்தில் விழுந்திருக்கிறது. இந்த அணி பருவத்தைக் கைகழுவிவிட்டு மூத்தவர்களை விற்க வேண்டும் என்று எழுதுபவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான். உட்களம் நால்வரில் இருவர் விழுந்திருந்தால் நானும் விற்கச் சொல்லியிருப்பேன்.

எதிரணியான ரேய்ஸும் முழு உடம்போடு வரவில்லை. அவர்களுடைய முதன்மை பிட்சர் டைலர் கிளாஸ்னோ ஜூன் மாதத்தில் முழங்கைத் தசைநார் கிழிந்து வெளியேறினார். பந்தில் தடவும் பசைப்பொருள்களுக்கு எதிராக நடுப்பருவத்தில் திடீரென்று கெடுபிடி வந்ததால், பந்தை அழுத்திப் பிடிக்க வேண்டியதாகி அதனால்தான் கை கெட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அது முழுக் காரணமா என்பது வேறு விவாதம். ஆனால் 60 ஆட்டங்கள் மட்டுமே நடந்த ஓர் ஆண்டுக்குப் பிறகு ஒரேயடியாக 162 ஆட்டங்களுக்குத் தாவினால் உடம்புகள் என்ன ஆகும் என்ற கவலையைப் பருவம் தொடங்கும் முன்பே பயிற்சியாளர்கள் பலர் சொல்லியிருந்தார்கள்.

இன்று ஆட்டம் ஒருதலையாக முடிந்தது: பிரேவ்ஸ் 9, ரேய்ஸ் 0. ஓட்டம் சேரச் சேரக் கூட்டம் கையை முன்னும் பின்னும் வெட்டி, நீண்ட இராகத்தில் அணியின் கோடரிக் கோஷத்தைப் பாடியது. பெரிய மேளம் அதற்குத் தாளம். பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடும்போது மயிர்க்கூச்செறிகிறது என்பதை மறுக்கமாட்டேன். கை மட்டும் எழவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி இனத்தைச் சேர்ந்த செயின்ட் லூயிஸ் பிட்சர் ரையன் ஹெல்ஸ்லி 2019 பிளேஆஃபின்போது, இது தம் மக்களை இழிவுபடுத்துகிறது என்று சொன்ன பிறகும் இங்கே வழக்கம் மாறவில்லை. கிளீவ்லாந்து அணி ‘இந்தியன்ஸ்’ என்ற தன் பெயரையே கைவிடுவதாகச் சென்ற டிசம்பரில் அறிவித்துவிட்டது. அட்லாண்டா, பூர்வகுடிப் போர்வீரர்களைக் குறிக்கும் தன் பெயரையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை.

மேலாளர் பிரையன் ஸ்னிட்கர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே முகத்தோடு வேலியோரம் சாய்ந்து நின்றார். 1977 முதல் இதே நிறுவனத்தில் ஆட்டக்காரராக, பயிற்சியாளராக, சிறு நகரங்களின் கீழ்நிலை அணி மேலாளராக என்று அலைந்து, அறுபது வயதானபின் 2016இல்தான் முதன்மை அணியைக் கையில் பெற்றவர். அதன்பின் 2018, 2019, 2020 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிவின் முதலிடம். அவர் பதறியதை யாரும் பார்த்ததில்லை என்றார் பக்கத்து இருக்கைக்காரர். ஒவ்வொரு வாரமும் ஒரு முக்கிய வீரரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் புதிய ஆள் பட்டியலை எழுதும் வேலைக்கு அப்படிப்பட்ட மனிதர்தான் வேண்டும்.

வீடு திரும்பியதும் பிட்ஸ்பர்க் முடிவைப் பார்த்தோம். மெட்ஸ் 6-0 என்று முன்னிலை வகித்த ஆட்டத்தை, கடைசி இன்னிங்ஸில் பிட்ஸ்பர்கின் ஜேக்கப் ஸ்டாலிங்ஸ் அடித்த, நான்கு ஓட்டம் தரும் கிராண்ட் ஸ்லாம் ஹோம் ரன்னில் 9-7 என்று தோற்றிருக்கிறது. லிண்டோர் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டார். பிரேவ்ஸ் 45-46, மெட்ஸ் 47-42, இடைவெளி மூன்று. அண்ணன் தொலைபேசியை எடுத்துச் சிகாகோவில் இருக்கும் தம் மகனை எழுப்பி இதைச் சொன்னார்.

ஜூலை 18, ஞாயிறு. அட்லாண்டா – சார்லட்

திங்களன்று வேலை. அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரையோடு புறப்பட்டேன். இன்றைய ஆட்டத்தைத் தொலைபேசிச் செயலியின் வானொலி ஒலிபரப்பில் கேட்டுக்கொண்டே வந்தேன். பேஸ்பாலை நெடும்பயணத்தில் வானொலியில் கேட்பது தனி இன்பம். ஒவ்வொரு பந்துக்கும் இடையில் பேசுவதற்கு நேரம் இருப்பதால் வர்ணனையாளர்கள் கதை சொல்லிக்கொண்டே போகிறார்கள். பிரேவ்ஸ் தோற்றது என்ற ஒன்றைத் தவிரக் குறை இல்லை. வெள்ளி தோல்வி, சனி வெற்றி, ஞாயிறு தோல்வி: 45-47.

சாலையோர நிறுத்தத்தில் காபி வாங்கும்போது வந்த செய்திதான் இந்த வார இறுதியின் மிகப் பெரிய செய்தி. மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் முன்கைத் தசை இறுக்கத்தால் காயப் பட்டியலுக்குப் போய்விட்டார். முதல் பாதியில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.08 ஓட்டம் மட்டுமே கொடுத்தவர். இன்று பேஸ்பாலில் அவரைவிட அடிக்க முடியாத பிட்சர் இல்லை. பிறர் துன்பத்தில் மகிழக் கூடாது என்று மனம் சொன்னாலும், விரல் அந்தச் செய்தியை அண்ணனுக்கு அனுப்பிவிட்டிருந்தது. அவர் பதிலுக்குச் சொரோகாவின் படத்தை அனுப்பினார். அதன்பின் மேற்கொண்டு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

டிகிராமும் லிண்டோரும் இல்லாத மெட்ஸ் இன்று முதல் இன்னிங்ஸிலேயே 6-0 என்று பின்தங்கி, பிறகு எழுந்து வந்து 7-6 என்று வென்றது. 48-42. இரு நகரங்களிலும் இத்தனை நடந்த பிறகும் இடைவெளி வியாழக்கிழமை இருந்த அதே நான்கு ஆட்டங்கள்.

ஆனால் அந்த நான்கின் எடை குறைந்திருக்கிறது என்றே கருதுகிறேன். அக்கூனியாவும் சொரோகாவும் இவ்வாண்டு வரப்போவதில்லை. ஒசூனாவை எதிர்பார்க்கவும் கூடாது. டார்னோ, இனோவா, ஆண்டர்சன் ஆகிய மூவரும் கோடை முடிவதற்குள் வரக்கூடியவர்கள். அதாவது பிரேவ்ஸின் மோசமான செய்திகளில் பெரும்பகுதி பின்னால் போய்விட்டது, மெட்ஸின் மோசமான செய்திகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. மேக்ஸ் ஃப்ரீடும் 37 வயது சார்லி மார்ட்டனும் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை தவறாமல் பந்தெறிந்து, உட்களம் நால்வரும் நின்றால், 88 அல்லது 89 வெற்றிகளிலேயே இந்தப் பிரிவைப் பிடித்துவிடலாம். அதற்கு மீதமுள்ள 70 ஆட்டங்களில் 43 அல்லது 44 வேண்டும். இதுவரை ஆடிய விதத்தில் அது நடக்காது. வெளிக்களத்தில் பீட்டர்சன் ஒருவரோடு நிறுத்திக்கொண்டால் நிச்சயமாக நடக்காது. இன்னும் குறைந்தது இரண்டு மட்டைகள் வேண்டும்.

வீரர் பரிமாற்றக் கெடு ஜூலை 30, மாலை நான்கு மணி. அதற்குள் சான்டியகோ இங்கே வருகிறது, பிறகு ஃபிலடெல்ஃபியாவில் நான்கு ஆட்டங்கள், அதன்பின் நியூயார்க்கில் மெட்ஸோடு ஐந்து ஆட்டங்கள். நியூயார்க்கில் நான்கைத் தோற்றால் அந்தோபுலோஸ் வாங்குவதை விட்டு விற்கத் தொடங்குவார். அப்போது ஃப்ரீமனின் ஒப்பந்தம் இவ்வாண்டோடு முடிகிறது என்ற, யாரும் பேச விரும்பாத விஷயத்தையும் பேச வேண்டி வரும். மூன்றை வென்றால் வாங்குவார். கிரீன்வில் தாண்டும்போது அண்ணன் அழைத்து, செப்டம்பர் கடைசி வாரத்தில் ஃபிலடெல்ஃபியா அட்லாண்டாவுக்கு வருகிறது, சீட்டு இப்போதே எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். முப்பதாம் தேதி மாலை நான்கு மணிவரை பொறுங்கள் அண்ணே என்றேன். அதற்குள் விலை ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு சீட்டுகளை வாங்கிவிட்டார்.